இடுப்பு என்றால் எந்த இடம்? கை வைத்துக் கற்றுக்கொள்ள ஒரு வழிகாட்டி

பிசியோதெரபி படித்தபோது முதல் செய்முறைத் தேர்வில், "இடுப்பு மூட்டைத் தொட்டுக் காட்டு" என்றார்கள். பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே, பக்கவாட்டில், கொஞ்சமும் தயங்காமல் கை வைத்தேன். தேர்வாளர் சிரிக்கக்கூட இல்லை. "அது எலும்பின் விளிம்பு. மூட்டு இன்னும் அரைச் சாண் கீழே, அதுவும் முன்பக்கமாக உள்ளே இருக்கிறது" என்று சொல்லிவிட்டு மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டார்.

தப்பு என்னுடையதுதான். ஆனாலும் பாதிப் பழி 'இடுப்பு' என்ற சொல்லுக்குச் சேரும். பெல்ட் போடும் இடமும் இடுப்பு, முதுகின் அடிப்பகுதியும் இடுப்பு, உள்ளே இருக்கும் எலும்பு வளையமும் இடுப்பு, தொடை சுழலும் மூட்டும் இடுப்பு. "இடுப்பு வலிக்கிறது" என்று வருகிறவர்களில் பலர் கை வைத்துக் காட்டுவது கீழ் முதுகை. உடற்கூறு படிக்க ஆரம்பித்தவர்களும் சரி, யோகா அல்லது உடற்பயிற்சி சொல்லித்தரத் தொடங்கியவர்களும் சரி, முதலில் இந்த நான்கையும் விரலால் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். படமும் பெயர்களும் அப்புறம். இப்போதைக்கு மெல்லிய உடை, மெத்தை இல்லாத ஒரு நாற்காலி, ஆளுயரக் கண்ணாடி, இவ்வளவு போதும்.

முதலில் எலும்பு வளையத்தைச் சுற்றி வாருங்கள்

எழுந்து நில்லுங்கள். இரண்டு கையையும் விலாவுக்குக் கீழே வைத்து, சதைக்குள் அழுத்தியபடி கீழே இறக்குங்கள். கை ஒரு கெட்டியான விளிம்பில் தட்டி நிற்கும். அதுதான் இலியம் எலும்பின் முகடு. இரண்டு பக்க முகடுகளின் உச்சியையும் விரலால் பிடித்துக்கொண்டு கட்டைவிரல்களைப் பின்னால் நேராக நீட்டினால், அவை முதுகெலும்பில் சந்திக்கும் இடம் ஏறத்தாழ நான்காவது இடுப்பு முள்ளெலும்பு. முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்யும் மருத்துவர் இடம் பார்ப்பது இந்தக் கோட்டை வைத்துத்தான். பெரியவர்களுக்குத் தண்டுவடம் அதற்கு மேலேயே, முதலாவது, இரண்டாவது முள்ளெலும்பு உயரத்தில் முடிந்துவிடுகிறது. அதனால் இங்கே ஊசி இறங்கினால் தண்டுவடத்தில் படாது.

இப்போது முகட்டின் மேலேயே விரலை முன்பக்கமாக நகர்த்துங்கள். விளிம்பு கீழ்நோக்கி வளைந்து ஒரு குமிழில் முடியும். மெலிந்தவர்கள் குப்புறப் படுத்தால் தரையில் குத்துகிற எலும்பு இதுதான். முன் மேல் முனை என்று சொல்லலாம்; மருத்துவமனையில் 'ஏ.எஸ்.ஐ.எஸ்.' என்பார்கள். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் செய்யப்போகும் சோதனைகளில் பாதிக்கு இதுதான் அடையாளக் கல்.

அதே முகட்டில் பின்பக்கமாகப் போனால் விளிம்பு கீழிறங்கி முதுகின் அடியில், நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் சிறு மேடுகளில் முடியும். சிலருக்கு அங்கே தோலில் இரண்டு குழிகள் தெரியும். அந்தக் குழிகளுக்கு நடுவே இருப்பது சாக்ரம் எனப்படும் திருவெலும்பு. பிறக்கும்போது ஐந்து தனித்தனி முள்ளெலும்புகளாக இருந்து, வளர்ந்த பிறகு ஒன்றாக ஒட்டிக்கொண்ட முக்கோணப் பலகை அது. அதன் நுனியில் வாலெலும்பு. அதைத் தேடி விரலை நுழைக்கத் தேவையில்லை, இருக்கிற இடம் தெரிந்தால் போதும்.

சரி, உட்காருங்கள். நாற்காலிக்கும் பிட்டத்துக்கும் நடுவே உள்ளங்கையை மேல்நோக்கி வையுங்கள். கையில் ஒரு பெரிய முடிச்சு அழுத்தும். இலேசாக முன்னும் பின்னும் ஆடினால் அந்த முடிச்சு கையின் மேல் உருளும். அது இஸ்கியம் எலும்பின் அடிப்பகுதி, நாம் உண்மையில் உட்கார்கிற எலும்பு. நிற்கும்போது பிட்டத்தின் பெரிய தசை அதை மூடிக்கொள்கிறது. உட்காரும்போது தசை வழுக்கி மேலேறி எலும்பை விட்டுவிடுகிறது. அதனால்தான் நின்றுகொண்டு தேடினால் சிக்காது.

கடைசியாக, தொப்புளிலிருந்து நேர் கீழே கையை இறக்குங்கள். மென்மையான வயிறு முடிந்து எலும்பு தட்டும் இடம் பியூபிஸ். இடது, வலது எலும்புகள் நடுவில் நேரடியாகத் தொட்டுக்கொள்வதில்லை. குருத்தெலும்புத் தட்டு ஒன்று இடையில் இருந்து இரண்டையும் ஒட்டி வைத்திருக்கிறது.

சுற்று முடிந்தது. தொட்ட மூன்றும், அதாவது இலியம், இஸ்கியம், பியூபிஸ், ஒரு பக்கத்துக்கு ஒரே எலும்புதான். குழந்தையில் மூன்றாக இருக்கும். நடுவே ஒய் வடிவக் குருத்தெலும்பு ஓடும். 14 முதல் 17 வயது வாக்கில் அது எலும்பாகி மூன்றும் ஒன்றாகிவிடும். மூன்றும் சேரும் அந்த இடத்தில்தான் தொடையெலும்பின் தலை உட்காரும் கிண்ணம் இருக்கிறது. கிண்ணத்தில் இலியத்துக்கும் இஸ்கியத்துக்கும் தலா ஐந்தில் இரண்டு பங்கு, பியூபிஸுக்கு மீதி ஒரு பங்கு. அசிட்டாபுலம் என்ற அதன் லத்தீன் பெயருக்குப் பொருள் வினிகர் கிண்ணம். சாப்பாட்டு மேசையில் இருந்த ஒரு சின்னப் பாத்திரத்தின் பெயரை எலும்புக்கு வைத்துவிட்டார்கள்.

இப்போது மூட்டைக் கண்டுபிடியுங்கள்

முன் மேல் முனையில் ஒரு விரல், பியூபிஸ் எலும்பில் ஒரு விரல். இரண்டுக்கும் இடையே ஒரு கோடு போட்டால் அது கவட்டை மடிப்பை ஒட்டிப் போகும். அந்தக் கோட்டின் நடுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே, ஆழத்தில் இருக்கிறது மூட்டு. தொட முடியாது, மேலே தசையும் இரத்தக்குழாயும் நரம்பும் இருக்கின்றன. அங்கே விரலை வைத்தால் துடிப்பு தெரியும். அது தொடைத் தமனி, கிட்டத்தட்ட மூட்டுக்கு நேர் முன்னால் ஓடுகிறது.

பக்கவாட்டில் வேறொரு எலும்பு தட்டுப்படும், அதைத்தான் பலர் மூட்டு என்று நினைக்கிறார்கள். முகட்டிலிருந்து ஒரு கை அகலத்துக்குமேல் கீழே, தொடையின் வெளிப்பக்கம் உள்ளங்கையை வைத்து, குதிகாலைத் தரையில் ஊன்றியபடி பாதத்தை உள்ளும் வெளியும் திருப்புங்கள். உள்ளங்கைக்கு அடியில் ஒரு மேடு முன்னும் பின்னும் நகர்வது தெரிகிறதா? அது தொடையெலும்பின் மேடு, கிரேட்டர் ட்ரோகான்டர். முகடு நகராது, இது நகரும். எது வளையத்தைச் சேர்ந்தது, எது காலைச் சேர்ந்தது என்று குழம்பினால் இந்த ஒரு அசைவு பிரித்துக் காட்டிவிடும். நான் தேர்வில் காலைத் திருப்பிப் பார்த்திருந்தால் மதிப்பெண் தப்பியிருக்கும்.

மேட்டுக்கும் கிண்ணத்தில் இருக்கும் தலைக்கும் நடுவே உள்ள சாய்ந்த பாலம்தான் தொடையெலும்பின் கழுத்து. தலை ஒரு முழுப் பந்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. கழுத்து தண்டோடு சேரும் கோணம் பெரியவர்களுக்கு 125 பாகையை ஒட்டியும், பிறந்த குழந்தைக்கு 150 பாகையை ஒட்டியும் இருக்கும்; நடக்க நடக்கக் குறைந்துகொண்டு வரும். கழுத்து கொஞ்சம் முன்னோக்கியும் முறுக்கிக்கொண்டிருக்கும். அந்த முறுக்கு பிறக்கும்போது 30, 40 பாகை வரை, வளர்ந்த பிறகு 10 முதல் 15 வரை. சின்னப் பிள்ளைகள் பலர் பாதத்தை உள்பக்கம் திருப்பி நடப்பதற்கு இந்த மிச்ச முறுக்கு ஒரு காரணம். பெரும்பாலும் வளரும்போது தானாகச் சரியாகிவிடும்.

கழுத்து இப்படிச் சாய்ந்திருப்பதால் எடை அதை வளைக்கப் பார்க்கிறது. அதைத் தாங்க, எலும்பின் உட்புறத்தில் நுண்ணிய இழைகள் வளைந்து வளைந்து அடுக்கப்பட்டிருக்கின்றன. 1860களில் சூரிச்சில் மேயர் என்ற உடற்கூற்றியலாளரின் மேசையில் இருந்த வெட்டிய எலும்பைப் பார்த்த குல்மன் என்ற பொறியாளர், பாரந்தூக்கிக்குத் தான் வரையும் விசைக் கோடுகளைப் போலவே இது இருக்கிறது என்று கண்டுகொண்டார். முதுமையில் இந்த இழைகள் மெலிகின்றன. கூடவே, தலைக்குப் போகும் இரத்தத்தின் பெரும்பகுதி கழுத்தை ஒட்டியே ஏறிப்போகிறது. கழுத்து முறிந்தால் அந்தக் குழாய்களும் கிழிந்து, தலை பட்டுப்போகலாம். வயதானவர்களுக்கு அங்கே முறிவு என்றதும் தலையையே மாற்றிவிடலாம் என்று பல சமயம் முடிவெடுப்பது இதனால்தான்.

வளையம் எடையை எப்படிப் பிரிக்கிறது

முதுகெலும்பு ஒற்றைத் தூண், கால்கள் இரண்டு. இடையில் எடையை இரண்டாகப் பிரிப்பது வளையத்தின் வேலை. மேலிருந்து வரும் எடை சாக்ரத்தில் இறங்கி, அதன் இரு பக்கமும் காது வடிவில் இருக்கும் சாக்ரோ இலியாக் மூட்டுகள் வழியாக இலியத்துக்குப் போகிறது. நிற்கும்போது அங்கிருந்து கிண்ணத்துக்கும் தொடையெலும்புக்கும், உட்காரும்போது நேராக இஸ்கியத்துக்கும் இறங்குகிறது. முன்னால் இருக்கும் பியூபிஸ் இணைப்பு, வளையம் விரிந்து போகாமல் பிடித்திருக்கும் கட்டு.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். "இடுப்பு விலகிவிட்டது, தட்டி உள்ளே போட்டார்கள்" என்று சொல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். சாக்ரோ இலியாக் மூட்டின் அசைவு மொத்தமே ஒன்றிரண்டு மில்லிமீட்டர், சில பாகைகள். சுற்றியுள்ள நார்க்கட்டுகள் அவ்வளவு வலுவானவை. வாகன விபத்து, உயரத்திலிருந்து விழுவது போன்ற பெரிய அடி இல்லாமல் அது விலகாது. தட்டியதும் சடக்கென்று சத்தம் வந்து வலி குறைந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. அதற்காக எலும்பு இடம் பெயர்ந்து திரும்பி வந்தது என்று ஆகிவிடாது. கர்ப்பகாலம் மட்டும் தனி. அப்போது நார்க்கட்டுகள் நெகிழ்ந்து, சாதாரணமாக 4, 5 மில்லிமீட்டர் இருக்கும் பியூபிஸ் இடைவெளி இன்னும் 2, 3 மில்லிமீட்டர் விரியும்.

ஆண், பெண் வேறுபாட்டுக்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. பியூபிஸுக்குக் கீழே இரு எலும்புகளும் விரியும் கோணம் ஆண்களுக்கு, விரித்த ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே உள்ள கோணம் போல. பெண்களுக்கு, விரித்த கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உள்ளது போல. வளையத்தின் மேல் திறப்பான உள்வாயும் பெண்களுக்கு அகலமாக, வட்டத்தை ஒட்டியிருக்கும்.

சாய்வு

இரண்டு உள்ளங்கைகளின் அடிப்பகுதியையும் முன் மேல் முனைகளில் வைத்து, விரல் நுனிகளைப் பியூபிஸில் வையுங்கள். கண்ணாடியில் பக்கவாட்டாகப் பாருங்கள். உள்ளங்கை ஏறக்குறைய சுவர் போல நேராக இருந்தால் வளையம் நடுநிலையில் இருக்கிறது. பிட்டத்தைப் பின்னால் தள்ளிக் கீழ் முதுகை வளைத்தால் உள்ளங்கையின் அடி முன்னே போகும், இது முன்சாய்வு. வாலெலும்பைக் கால்களுக்கு நடுவே சுருட்டினால் விரல் நுனிகள் முன்னே வரும், இது பின்சாய்வு. நாலைந்து முறை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கீழ் முதுகின் வளைவு கூடவே கூடிக் குறைவதைக் கவனியுங்கள். வளையம் சாயாமல் முதுகின் அடி மட்டும் தனியாக வளைய வழியில்லை.

கொஞ்சம் முன்சாய்வு இருந்தாலே அதை நோய் என்று சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். வலியே இல்லாத பலருக்கும் அந்தச் சாய்வு இருக்கிறது. அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், அத்தோடு விடுங்கள்.

எந்த அசைவு மூட்டுடையது, எது வளையத்துடையது

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. மல்லாந்து படுங்கள். ஒரு கையைக் கீழ் முதுகுக்கும் தரைக்கும் இடையே நுழையுங்கள். இப்போது ஒரு முழங்காலை மடக்கி நெஞ்சை நோக்கிக் கொண்டு வாருங்கள். ஒரு கட்டம் வரை கையில் அழுத்தம் மாறாது. அதுவரை அசைந்தது மூட்டு. அப்புறம் முதுகு கையை நசுக்க ஆரம்பிக்கும். அங்கிருந்து வளையமும் சேர்ந்து சுருள்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தொடை தொடர்ந்து மேலேறுவதாகத்தான் தெரியும்.

முழங்கால் மடங்கியிருந்தால் தொடை ஏறத்தாழ 120 பாகை வரை மேலே வரும். முழங்காலை நீட்டிக்கொண்டு தூக்கினால் 90க்குள் நின்றுவிடும், பலருக்கு அதற்கும் முன்னாலேயே. மூட்டு ஒன்றுதான், பிடித்து இழுப்பது தொடையின் பின்தசை. அது இஸ்கியத்தில் தொடங்கி முழங்காலைத் தாண்டிப் போய்ச் சேர்வதால், முழங்கால் நீளும்போது இருபுறமும் இழுபடுகிறது. பின்னோக்கி நீட்டும் அசைவு மிகக் குறைவு, 20 பாகைக்குள்தான். காலை வெகுதூரம் பின்னால் வீசுகிறவர் பெரும்பாலும் கீழ் முதுகைத்தான் வளைக்கிறார்.

அந்த 20 பாகையில் நிறுத்துவது இலியத்திலிருந்து தொடையெலும்புக்குத் தலைகீழ் ஒய் போல விரியும் நார்க்கட்டு. உடம்பிலேயே வலுவான நார்க்கட்டு அதுதான். நிமிர்ந்து நிற்கும்போது உடல் எடையின் கோடு மூட்டுக்குச் சற்றுப் பின்னால் விழுவதால், அது இறுகி நம்மைப் பிடித்துக்கொள்கிறது. வரிசையில் காத்திருக்கும்போது இடுப்பை முன்னே தள்ளிச் சோம்பலாக நிற்கிறோமே, அப்போது தசைகள் ஓய்வெடுக்கின்றன, வேலை செய்வது இந்த நார். உட்கார்ந்தால் அது தளர்ந்துவிடும். கார் மோதும்போது முன்பலகையில் முழங்கால் இடித்தால், தொடைத்தலை பின்பக்கமாகக் கிண்ணத்தை விட்டு வெளியேற அந்தத் தளர்ச்சி வழிவிடுகிறது.

பாரம் தூக்கப் பழகுகிறவர்களுக்கு "இடுப்பிலிருந்து குனி" என்று சொல்வார்கள். எந்த இடுப்பு? கவட்டை மடிப்பில் விரல் பக்கத்தை வைத்து, அந்த மடிப்பு விரலைக் கவ்வும்படி பிட்டத்தைப் பின்னே தள்ளிக் குனியுங்கள். ஒரு கம்பைத் தலை, முதுகு, சாக்ரம் மூன்றிலும் படும்படி பின்னால் பிடித்துக்கொண்டால் ஏமாற்ற முடியாது. சாக்ரத்தை விட்டுக் கம்பு விலகிய நொடியில் மூட்டு ஓய்ந்து முதுகு வேலையை எடுத்துக்கொண்டுவிட்டது.

ஒற்றைக் காலில் நிற்பது

இவ்வளவும் இதற்குத்தான். நடை என்பதே மாறி மாறி ஒற்றைக் காலில் நிற்பது.

60 கிலோ எடை உள்ளவர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கால் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு, 10 கிலோ. வலது காலில் நின்றால் வலது மூட்டின் மேல் இருப்பது 50 கிலோ. அந்த எடையின் மையம் மூட்டுக்கு நேர் மேலே இல்லை, உட்பக்கமாக 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அப்படியே விட்டால் வளையம் இடது பக்கம் சரிந்துவிடும். சரியாமல் இழுத்துப் பிடிப்பது இலியத்தின் வெளிப்புறத்திலிருந்து ட்ரோகான்டருக்கு வரும் குளூட்டியஸ் மீடியஸும் அதன் அடியில் உள்ள சிறிய தசையும். அவை மூட்டிலிருந்து 5 சென்டிமீட்டரில்தான் இழுக்கின்றன. சமமில்லாத கைகள் உள்ள தராசு: ஒரு பக்கம் 50 கிலோ, 10 சென்டிமீட்டர், மறுபக்கம் 5 சென்டிமீட்டர். சமன் ஆக வேண்டுமென்றால் தசை 100 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். மூட்டில் அழுத்துவது இரண்டும் சேர்ந்து 150 கிலோ, உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு. காகிதக் கணக்குதான். ஆனால் அளவுக்கருவி பொருத்திய செயற்கை மூட்டுகளும் சாதாரண நடையில் ஏறத்தாழ இதையே காட்டின. தடுக்கி விழப்போன நொடிகளில் 7, 8 மடங்குகூடப் பதிவானது.

இப்போது கைத்தடி. வலது மூட்டு வலிக்கிறது, தடி இடது கையில். மூட்டிலிருந்து 45 சென்டிமீட்டர் தள்ளி வெறும் 5 கிலோ ஊன்றினாலே தசையின் சுமை 100 கிலோவிலிருந்து 55க்கு இறங்குகிறது. மேலிருந்து அழுத்தும் 50 கிலோவும் 45 ஆகிறது. மொத்தம் 150 இருந்தது 100 ஆகிவிட்டது. நீளமான நெம்புகோலின் முனையில் ஊன்றுவதால் வந்த இலாபம் இது. வலிக்கிற பக்கமே தடியைப் பிடித்தால் அந்த நீளம் கிடைக்காது. சினிமாவில் நொண்டி நடிப்பவர்கள் பலர் இதைத் தப்பாகத்தான் செய்கிறார்கள்.

இனிச் சோதனை. கண்ணாடி முன் நின்று கட்டைவிரல்களை முன் மேல் முனைகளில் வைத்து, இடது காலைத் தூக்குங்கள். இடது கட்டைவிரல் அதே உயரத்தில் நிற்க வேண்டும், அல்லது சற்று மேலே ஏற வேண்டும். கீழே இறங்கினால் வலுக்குறைவு எந்தப் பக்கம்? முதலாண்டு மாணவர்கள் பாதிப் பேர் இடது என்பார்கள், இறங்கியது அதுதானே என்று. வலு போதாதது வலது, நின்ற பக்கத்துத் தசை. ஜெர்மானிய அறுவை மருத்துவர் டிரெண்டெலென்பர்க் 1895இல் விவரித்த அறிகுறி இது. சிலர் வளையம் இறங்காமலிருக்க உடம்பையே நின்ற காலின் பக்கம் சாய்த்துவிடுவார்கள். எடையின் மையம் மூட்டுக்கு மேல் வந்துவிட, தசைக்கு வேலை குறைந்துவிடும். வளையம் மட்டமாக இருக்கிறதே என்று ஏமாறாமல், தோளையும் பாருங்கள்.

வலி எங்கே என்று கேட்கும்போது

"இடுப்பு வலி" என்ற சொல்லை மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள். ஒரு விரலால் காட்டச் சொல்லுங்கள். கவட்டையைக் காட்டினால் மூட்டைச் சந்தேகப்படலாம். கட்டைவிரல் பின்னும் மற்ற விரல்கள் முன்னுமாகப் பக்கவாட்டைக் கவ்விக் காட்டுகிறவர்களுக்கும் பல சமயம் வலி மூட்டுக்குள்ளேதான். ட்ரோகான்டர் மேட்டைத் தொட்டுக் காட்டி, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை என்றால், அங்கே வந்து சேரும் தசைநாண்கள். பின்னால் காட்டினால் கீழ் முதுகோ சாக்ரோ இலியாக் மூட்டோ. இது முதல் ஊகம் மட்டுமே, தீர்ப்பு இல்லை.

முதியவர் விழுந்து, எழ முடியாமல், ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். நிற்க வைத்துப் பார்க்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

இன்னொன்று, பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை நொண்டிக்கொண்டு வந்து முழங்கால் வலிக்கிறது என்றால். இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் பொதுவான நரம்புகள் போவதால், மேலே உள்ள கோளாறு கீழே வலியாகத் தெரியலாம். வளரும் வயதில் தொடைத்தலை வளர்ச்சித் தட்டிலிருந்து வழுக்குவது அப்படி ஒன்று, தாமதித்தால் கெடும். முழங்கால் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று வந்தால், இரண்டு இடுப்பு மூட்டுகளையும் சேர்த்துப் படம் எடுக்கச் சொல்லி அன்றைக்கே கேளுங்கள்.